கொத்துத் தலைவலி: 19 வருடமாக என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். 2006 ஐப்பசியில், 29 வயதில், முதல் தடவை வந்தது. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிய 2012 ஆகிவிட்டது. அதன்பிறகு யாராவது ஒருவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். "எங்க மச்சானும் உங்களை மாதிரியே ராத்திரியில கண்ணைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தறாருங்க, என்ன பண்ணுனீங்க?" என்பார்கள். அவர்களுக்கெல்லாம் சொன்னதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

வலி ஒரு தடவை வந்து போவதை 'அட்டாக்' என்றும், அது தினமும் வருகிற அந்த ஒன்றிரண்டு மாதத்தைச் 'சீசன்' என்றும் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். குற்றாலத்துக்கு இருக்கிற மாதிரி எனக்கும் ஒன்று. மருந்தின் அளவுகளை நான் எழுதியிருப்பது நீங்கள் டாக்டரோடு பேசும்போது புரியட்டும் என்பதற்காக. நீங்களாகவே கடையில் வாங்கிப் போடுவதற்கல்ல.

இது ஒற்றைத் தலைவலிதானே?

இல்லை. ஒரு பக்கம் மட்டும் வலிப்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுத்துக்கொள்வார். அசைந்தால் வலி கூடும். எங்களால் படுக்கவே முடியாது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்போம், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவோம், சுவரில் முட்டிக்கொள்வோம். என்னைக் கேட்டால், இந்த ஒரு வித்தியாசமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

மீதிப் பாதிக்குக் கடிகாரம் வேண்டும். ஒற்றைத் தலைவலி 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை இழுக்கும். இது 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் திரும்ப வரும். சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், சிலருக்கு ஒரே நாளில் 8 தடவை. வலிக்கிற பக்கத்துக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும். அந்தப் பக்கத்து மூக்குத் துளை மட்டும் அடைக்கும் அல்லது ஒழுகும். இமை தொங்கும், கண்மணி சுருங்கும், நெற்றி வேர்க்கும்.

உண்மையிலேயே அவ்வளவு வலிக்குமா?

1,600க்கும் அதிகமான நோயாளிகளிடம் கேட்டு 2021இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்த வலிக்கு அவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் 10க்கு 9.7. பிரசவ வலியையும் அறிந்த பெண்கள் அதற்குக் கொடுத்தது 7.2. எனக்கு எப்படி என்றால், கண்குழிக்குள் திருப்புளியை வைத்து மரையை இறுக்குவதுபோல். இனி இறுக்க இடமில்லை என்று நினைக்கும்போது இன்னும் அரைச் சுற்று சுற்றுவார்கள்.

ஏன் 'கொத்து' என்கிறார்கள்?

அட்டாக்குகள் கொத்தாக வந்து, பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட ஒன்றுமே இல்லாமல் போவதால். 1952இல் கங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். அதற்கு முன் 1939இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ஹார்டன் விரிவாக எழுதியதால் 'ஹார்டன் தலைவலி' என்றும் சொன்னார்கள். அவருக்கும் முன்னால், 1745இலேயே, வான் ஸ்வீட்டன் என்ற மருத்துவர், தினமும் ஒரே நேரத்தில் இடது கண்ணுக்கு மேலே வலி வந்த ஒரு திடகாத்திரமான ஆளைப் பற்றிக் குறித்துவைத்திருக்கிறார். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

சீசன் இல்லாத காலம் வருடத்துக்கு 3 மாதமாவது கிடைத்தால் இடைவெளி விட்டு வரும் வகை. அதுகூடக் கிடைக்காமல் ஒரு வருடம் தாண்டினால் நாள்பட்ட வகை. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் இந்த இரண்டாவது வகை. மொத்தத்தில் ஆயிரத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆண்கள் அதிகம். ஆனால் பெண்களுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களில் பலருக்கு ஒற்றைத் தலைவலி என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அது எப்படி அலாரம் வைத்த மாதிரி ராத்திரி 1.30க்கே வருகிறது?

மூளைக்கு நடுவில், அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்று சின்னப் பகுதி ஒன்று இருக்கிறது. தூக்கம், பசி, உடம்புச் சூடு, பகல்–இரவுக் கணக்கு எல்லாம் அதன் பொறுப்பு. அட்டாக் நடக்கும்போது வலிக்கிற பக்கத்து ஹைப்போதலாமஸ் விழித்துக்கொள்வதை 1998இல் லண்டனில் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். அங்கிருந்து, முகத்தின் உணர்வைக் கொண்டுபோகிற டிரைஜெமினல் நரம்புக்குப் பற்றுகிறது. கண்ணீரும் மூக்கடைப்பும் அந்தத் தீ பக்கத்து நரம்புகளுக்கும் பரவுவதால் வருபவை. நோய் கண்ணிலும் இல்லை, மூக்கிலும் இல்லை.

படுத்துத் தூங்கி ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எழுப்புவது இதன் வழக்கம். வருடக் கணக்கும் உண்டு. வெளிநாடுகளில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகம் என்று எழுதுகிறார்கள். எனக்கு ஐப்பசி. தீபாவளி வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போது, கடையில் நிற்க நேரமில்லாதபோதுதான் வரும்.

எங்களுக்குச் சைனஸ் என்றுதானே சொன்னார்கள்?

எனக்கும்தான். அது மட்டுமா! 2007இல் வலது மேல்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். நல்ல பல். வலி மேல்தாடைக்கு இறங்குவதால் பல்லில்தான் கோளாறு என்று நானே சாதித்தேன்; பல் டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2009இல் மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது என்று அறுவை சிகிச்சை. வளைந்துதான் இருந்தது, ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுபோல.

கொடுமை என்னவென்றால், அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு மாதம் வலியே இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த டாக்டரைப் புகழ்ந்தேன். மறு ஐப்பசியில் அதே 1.30க்கு எழுந்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது: சீசன் முடிகிற நேரத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள். தானாக அடங்கியதற்குக் கத்திக்குப் பெயர்.

இந்த நோயில் எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். எதுவும் செய்யாவிட்டாலும் சீசன் முடியும். எனவே கடைசியாக எதைச் செய்தோமோ அது கேட்டுவிட்டதாகத் தோன்றும். சுக்குப் பத்து, வர்மம், மூக்கில் எண்ணெய் விடுவது, கண்ணாடி மாற்றுவது, ஜாதகத்துக்குப் பரிகாரம் என்று எங்கள் வீட்டில் ஒவ்வொன்றும் ஒரு வருடம் ஜெயித்திருக்கிறது.

எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? என்ன டெஸ்ட்?

இது என்று காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. முதல் தடவை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி மாதிரி வேறு எதுவும் இதே வேஷத்தில் வரவில்லை என்று உறுதிசெய்ய. எடுத்துவிடுங்கள். அது 'நார்மல்' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

நோயைச் சொல்வது நீங்கள் சொல்கிற கதைதான். பகல் 11 மணிக்கு நாம் டாக்டர் முன்னால் உட்காரும்போது ஒன்றுமே இருக்காது, சிரித்துப் பேசிக்கொண்டிருப்போம். 2012இல் என் மனைவி செல்போனில் எடுத்து வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினாள். வலது இமை தொங்கி, கண் சிவந்து, கன்னத்தில் நீர் வழிகிற படம். கோயம்புத்தூர் நரம்பியல் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டார்: எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், படுப்பீர்களா நடப்பீர்களா. ஆறு வருடம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. வீடியோ எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டாக் அரைமணி நேரத்துக்குள் முடிந்து, ஒரு நாளில் ஐந்துக்கு மேல் வந்தால் அது இதன் பங்காளியான வேறொரு தலைவலியாக இருக்கலாம். இண்டோமெதசின் என்ற மாத்திரைக்கு அது அப்படியே அடங்கும். டாக்டர் அதைக் கொடுத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனை.

டோலோ, பாராசிட்டமால் கேட்காதா?

மாத்திரை கரைந்து ரத்தத்தில் ஏறுவதற்குள் அட்டாக் முடிந்துவிடும். வயிறு கெடுவதுதான் மிச்சம்.

தலைவலிக்கு ஆக்சிஜன் சிலிண்டரா? விளையாடுகிறீர்களா?

என் மாமனாரும் இப்படித்தான் கேட்டார். வீட்டுக்குள் சிலிண்டர் வந்தால் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று தெருவே நினைக்கும் என்றார். நினைத்தது. ஆனால் இந்த 19 வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை அந்தச் சிலிண்டர்தான்.

சுத்தமான ஆக்சிஜன், நிமிடத்துக்கு 12 லிட்டர், 15 நிமிடம். லண்டனில் நடந்து 2009இல் வெளியான சோதனையில் ஆக்சிஜன் இழுத்த அட்டாக்குகளில் நூற்றுக்கு 78 கால்மணி நேரத்தில் போய்விட்டன அல்லது போதுமான அளவு தணிந்தன; வெறும் காற்றை இழுத்தபோது 20தான். ஒருநாளில் எத்தனை தடவையும் எடுக்கலாம், வேறு மருந்தோடும் மோதாது. பல வருடம் புகைத்து நுரையீரல் கெட்டவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

எங்கே தவறுகிறார்கள் என்றால், முகமூடியில். சாதாரண முகமூடியிலோ மூக்குக் குழாயிலோ நான்கு லிட்டர் வைத்து இழுத்துவிட்டு 'எனக்குக் கேட்கவில்லை' என்கிறார்கள். கீழே பை தொங்குகிற, மூச்சுக்காற்று திரும்பப் போகாத முகமூடி வேண்டும். 15 லிட்டர் வரை காட்டுகிற மீட்டர் வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, லேசாக முன்னால் சாய்ந்து, முகமூடியை முகத்தோடு அழுத்திப் பிடித்து ஆழமாக இழுக்க வேண்டும். கண்ணோரம் முதல் குறுகுறுப்பு வந்ததுமே தொடங்க வேண்டும்; உச்சத்துக்குப் போனபின் தொடங்கினால் தாமதமாகும்.

2021 கொரோனா அலைக்குப் பிறகு பல வீடுகளில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற இயந்திரம், சும்மா கிடக்கிறது. எனக்கே இரண்டு பேர் கொடுக்க வந்தார்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் தருகிற அந்த இயந்திரம் இதற்குப் போதாது. சிலிண்டர்தான். 1,500 லிட்டர் பிடிக்கும் சிறியதில் 12 லிட்டர் வீதம் 8 அட்டாக் ஓட்டலாம். ஆள் உயரத்துக்கு இருக்கும் 7,000 லிட்டர் சிலிண்டர் கிட்டத்தட்ட 38 அட்டாக்குக்கு வரும். நான் சீசனுக்குப் பெரியது ஒன்றும், அவசரத்துக்குச் சிறியது ஒன்றும் வைத்துக்கொள்கிறேன். டாக்டர் கைப்பட எழுதிய சீட்டு இருந்தால் மருத்துவ ஆக்சிஜன் விற்பவர்கள் வாடகைக்குக் கொடுப்பார்கள். வால்வைத் திறக்கிற சாவியையும் கேட்டு வாங்குங்கள். முதல் ராத்திரி சாவி இல்லாமல் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூஜை அறைப் பக்கம் வைக்காதீர்கள். விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு, பீடி எதுவும் அருகில் ஆகாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு வால்வைத் தொடாதீர்கள். அழுத்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். வால்வு இறுகிக்கொண்டது என்று எண்ணெய் விட வருகிற உதவிக்காரர்களைத் துரத்துங்கள்.

குறை இல்லாமலில்லை. சிலருக்கு வலி போவதற்குப் பதில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. சிலருக்குக் கேட்பதே இல்லை.

கேட்காதவர்களுக்கு?

சுமாட்ரிப்டான் ஊசி. 6 மில்லிகிராம், தோலுக்கு அடியில், இன்சுலின் போடுவதுபோல் நாமே போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலோருக்குக் கால்மணி நேரத்தில் கேட்கும். 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. மூக்கில் அடிக்கும் சுமாட்ரிப்டானும் ஜோல்மிட்ரிப்டானும் உண்டு, கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். அதே மருந்து மாத்திரையாக வந்தால் இதற்கு உதவாது.

மாரடைப்பு வந்தவர்கள், இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த மருந்தைப் போடவே கூடாது. போட்டதும் நெஞ்சு இறுகுகிற மாதிரி சிலருக்கு இருக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது, முன்னாலேயே சொல்லி வாங்கி வைக்க வேண்டும்.

அட்டாக் வராமலே தடுக்க முடியாதா?

முடியும், முழுதாக இல்லாவிட்டாலும். முதலில் வெராபமில். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை. ஆனால் இதற்கு அளவு அதிகம். 240 மில்லிகிராமில் தொடங்கி, 480, சிலருக்கு 960 வரை போவார்கள். இதயத் துடிப்பின் ஓட்டத்தை அது தாமதப்படுத்தும் என்பதால் தொடங்கும் முன்பும், ஒவ்வொரு தடவை அளவு கூட்டியபின்பும் இசிஜி எடுக்க வேண்டும். 'போன வருடம்தானே எடுத்தோம்' என்று இதில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கும். எனக்கு மலச்சிக்கலும் கால் வீக்கமும் வந்தன. பல் ஈறு தடிப்பதும் உண்டு.

வெராபமில் வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை தாங்க ஸ்டீராய்டு மாத்திரை சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், அல்லது பிடரியில், தலை எலும்புக்குக் கீழே உள்ள நரம்பைச் சுற்றி ஊசி போடுவார்கள். ஸ்டீராய்டு அதிசயமாகக் கேட்கும். ஆபத்தும் அதில்தான். பழைய சீட்டைக் காட்டி வருடத்துக்கு நான்கு தடவை வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், கண்ணில் புரை வரும், இடுப்பு எலும்பு செத்துப்போகும்.

இவற்றுக்கும் மசியாவிட்டால் லித்தியம், டோபிரமேட், ராத்திரியில் மெலடோனின் என்று அடுத்தடுத்து இருக்கின்றன. லித்தியத்துக்கு ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால்கனெசுமாப் என்ற மாத ஊசிக்கு, இடைவெளி விட்டு வரும் வகைக்காக, அமெரிக்கா 2019இல் ஒப்புதல் கொடுத்தது. சான்று போதவில்லை என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2020இல் மறுத்துவிட்டது. நான் போட்டுக்கொண்டதில்லை.

குடித்தால் வருமா?

சீசனில் ஒரு மடக்கு போதும், ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டுவிடும். சீசன் இல்லாதபோது ஒன்றும் செய்யாது. அதனால்தான் பலர் சம்பந்தத்தையே கவனிப்பதில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் அட்டாக்கைக் கிளப்பும். பெட்ரோல், பெயிண்ட், சென்ட் வாசனை சிலருக்கு. எனக்கு மதியத் தூக்கம். சிகரெட் பிடிப்பவர்கள் இந்த நோயாளிகளில் அதிகம். விட்டுவிட்டால் தலைவலி நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வேறு நூறு காரணத்துக்காக விடுங்கள்.

கொடைக்கானல் போதைக் காளான் கேட்கும் என்கிறார்களே?

அந்த வகைக் காளான்களில் உள்ள சைலோசைபின் என்ற பொருளைப் பற்றி 2006இல் அமெரிக்காவில் 53 நோயாளிகளிடம் பேட்டி எடுத்து எழுதினார்கள். பலர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். அதன்பிறகு சிறிய சோதனைகள் நடக்கின்றன. இந்தியாவில் அது 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. தலைவலியோடு வழக்கும் வேண்டாம்.

அட்டாக் வரும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

இதற்குப் பதில் என் மனைவி சொன்னது: "பேச்சுக் கொடுக்கக் கூடாதுங்க. தண்ணி வேணுமா, தைலம் தேய்க்கட்டுமான்னு கேட்டா எரிஞ்சு விழுவாரு. சிலிண்டரைத் திறந்துவிட்டுட்டு, மணியைப் பார்த்துச் சொல்லிட்டு, தள்ளி உக்காந்துக்குவேன். இருபது நிமிஷம் ஆச்சுன்னு யாராவது சொன்னா அவருக்குக் கொஞ்சம் தெம்பு." சின்னவள் நான்கு வயதில் பயந்து அழுதாள். "அப்பாவுக்குக் கண்ணுக்குள்ள வலி, பெரிய முள்ளு ஒரு சுத்து வர்றதுக்குள்ள போயிரும்" என்று கடிகாரத்தைக் காட்டிச் சொன்னோம். பெரும்பாலும் போனது.

வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது.

எனக்கும் தோன்றியது, 2010இல். வெளிநாடுகளில் இதற்குத் தற்கொலைத் தலைவலி என்றே ஒரு பெயர் உண்டு. எனவே இது உங்கள் மனக்கோழைத்தனம் இல்லை, நோயின் ஒரு பகுதி. வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொன்ன அன்றிலிருந்து சீசன் முடியும்வரை மொட்டைமாடிக் கதவுச் சாவி என் மனைவியின் இடுப்பில் இருந்தது. சொல்ல ஆள் இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். டாக்டரிடமும் இதை மறைக்காதீர்கள். இதைக் கேட்டபின்தான் எனக்குச் சிகிச்சையின் வேகமே மாறியது.

வேலைக்குப் போக முடியுமா?

போகலாம். கஷ்டம் வலியில் இல்லை, நம்பவைப்பதில். பத்து மணிக்குச் சுவரில் முட்டிய ஆள் பதினொன்றரைக்கு டீ குடித்துக்கொண்டிருந்தால் முதலாளி என்ன நினைப்பார்? நான் சீசன் தொடங்கும் முன்பே டாக்டர் சீட்டின் நகலைக் கொடுத்துவிடுவேன். வண்டி ஓட்டும்போது குறுகுறுப்பு வந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு வருமா?

நெருங்கிய ரத்த உறவில் இருந்தால் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆனாலும் பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை.

வயதானால் விட்டுவிடுமா?

பலருக்கு இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. சிலருக்கு நாள்பட்ட வகையாக மாறுகிறது, திரும்பவும் மாறுகிறது. எனக்கு 2017, 2018 இரண்டு ஐப்பசியும் சும்மா போயின. விட்டது என்று சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேன். 2019இல் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் வந்தது, கையில் ஒன்றுமில்லாமல்.

இப்போது என்ன செய்கிறீர்கள்?

புரட்டாசி பிறந்ததும் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துவிடுவேன். சிலிண்டருக்குச் சொல்லிவிடுவேன். முகமூடியின் ரப்பர் விரிந்திருக்கிறதா, ஊசியின் காலாவதித் தேதி என்ன என்று பார்ப்பேன். கடைசிப் புரட்டாசி சனிக்கிழமை விரதச் சாப்பாடு முடிந்ததும் மதியத் தூக்கத்தை நிறுத்திவிடுவேன். சிலிண்டரைக் கட்டிலின் வலது பக்கம் நிறுத்தி, சாவியை அதன் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். இந்த வருடம் அதைக் கட்டியது சின்னவள்.